கயிறு இழுத்தால் இடை வருமா?

போன இதழில் கல்யாண பிளவுஸ் பற்றி எழுதும்போது, கோர்செட் (முதுகில் கயிறு கட்டி இடையை இறுக்குகிற மேலுடை) கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது கோர்செட்டே இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதமா! சண்டைக்கு வந்தவர்கள், சந்தேகம் கேட்டவர்கள், பெற்ற மகளைப் பற்றி என்னிடம் புகார் சொன்னவர்கள் என்று பை நிறைந்துவிட்டது. கழுத்து டிசைன், கை டிசைன், ஆரி வேலை எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை முழுக்க கோர்செட்தான்.

கேள்வி: அக்கா, தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் லெஹங்காவுக்கு மேலே கோர்செட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்கள் டெய்லர், "அது ஒன்றும் பெரிய வித்தை இல்லைம்மா, எப்போதும் தைக்கிற பிளவுஸையே ரெண்டு இன்ச் பிடித்துத் தைத்து முதுகில் கயிறு வைத்துவிடுகிறேன், இழுத்துக் கட்டினால் இடை தானாக வந்துவிடும்" என்கிறார். வருமா?
(முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வராது அம்மா. மூச்சு முட்டும், நெஞ்சுக்குக் கீழே நாலு மடிப்பு விழும், அவ்வளவுதான் வரும். உங்கள் டெய்லரைக் குறை சொல்ல மாட்டேன், இருபது வருஷம் மெஷின் மிதித்த பிறகு தைத்த என் முதல் கோர்செட்டை நானும் இப்படித்தான் கெடுத்தேன். ஒரு அரிசி மூட்டையின் நடுவில் கயிறு போட்டு இறுக்கிப் பாருங்கள். கட்டின இடம் உள்ளே போகும், மேலேயும் கீழேயும் சாக்கு கசங்கிப் பிதுங்கும். பிளவுஸில் கயிறு வைத்து இழுத்தாலும் அதே கதைதான்.

கோர்செட்டில் இடை வருவது கத்திரியிலிருந்து. வந்த இடையைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் கயிற்றின் உத்தியோகம். கணக்காகவே சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு மார்பு 36, இடை 30, ஹிப் 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 3 இன்ச் குறைய வேண்டும். முதுகில் கயிறு கட்டுகிற இடத்தில் இரண்டு ஓரமும் முட்டிக்கொள்ளாமல் 2 இன்ச் இடைவெளி விட வேண்டும், முட்டிவிட்டால் அதற்கப்புறம் இழுக்க இடமில்லை. ஆக, துணியில் வர வேண்டிய அளவு மார்பில் 34, இடையில் 25, ஹிப்பில் 36. இதைப் பக்கத்துக்கு ஆறு என்று 12 பீஸாகப் பிரித்தால், ஒவ்வொரு பீஸும் மேலே மூன்று இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக, நடுவில் இரண்டு இன்ச்சாக, கீழே மறுபடி மூன்று இன்ச்சாக வரும். பீஸைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒல்லியான ஒரு உடுக்கை மாதிரி இருக்கும். பன்னிரண்டு உடுக்கையைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் பெரிய உடுக்கை ஒன்று. துணியை மடித்து நாலு டாட் பிடித்து இந்த வளைவைக் கொண்டுவரவே முடியாது, ஏனென்றால் டாட் எங்கேயோ ஒரு புள்ளியில் போய் முடிந்துவிடுகிறது. கோர்செட்டின் தையல் மேல் ஓரத்தில் தொடங்கிக் கீழ் ஓரம் வரைக்கும் ஓட வேண்டும்.

ஆனால் 12 பீஸிலும் சமமாகக் குறைக்கக் கூடாது. உடம்பில் இளகிக் கொடுக்கிற இடம் பக்கவாட்டில்தான் இருக்கிறது, விலாவுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே. அங்கே தாராளமாக வெட்டலாம். முதுகெலும்பு யாருக்காகவும் நகராது. நடு வயிற்றை அமுக்கினால் சாப்பிட்டது நெஞ்சுக்கு வரும். அதனால் முன்னாலும் பின்னாலும் கொஞ்சமாகத்தான் குறைப்போம். இப்படிப் பக்கத்தில் அமுக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது, இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. நம் இடை வட்டம் கிடையாது, நீள்வட்டம். 30 இன்ச் சுற்றளவு என்றால் எதிரே நின்று பார்க்கையில் 11 இன்ச் அகலம், பக்கத்திலிருந்து பார்க்கையில் 8 இன்ச் என்று வைத்துக்கொள்ளலாம். அதே 30 இன்ச்சை வட்டமாக்கினால் எதிரே தெரிகிற அகலம் ஒன்பதரை இன்ச்தான்! சுற்றளவில் ஒரு நூல்கூடக் குறையவில்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றரை இன்ச் இளைத்தாயிற்று. மனித உடம்பு முழு வட்டமாகிவிடாது, வாஸ்தவம், ஆனால் பாதி தூரம் போனாலே போட்டோவில் ஆள் மாறிப் போகிறாள். நம்பவில்லை என்றால் ஒரு நூலை முடிச்சுப் போட்டு மேஜைமேல் நீள்வட்டமாக வைத்து, அப்புறம் வட்டமாக்கி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். இதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் நாலு இன்ச், அஞ்சு இன்ச் என்று பேராசைப்படாதீர்கள் என்கிறேன். இரண்டு மூன்று இன்ச்சே ஏகப்பட்டது.

அப்புறம் போன், இங்கிலீஷில் எலும்பு. உள்ளே நெடுக்காகச் சொருகுகிற இந்தத் தகடுகள்தான் இடையைக் குறைக்கின்றன என்று பல பேர் நினைக்கிறார்கள். அவை பந்தல் கால் மாதிரி, சும்மா நிற்பதுதான் வேலை. இழுப்பு குறுக்கே ஓடுகிறது, துணி கசங்கி மேலே ஏறப் பார்க்கிறது, போன் நிமிர்ந்து நின்று அதை விடாமல் பிடிக்கிறது, அழுத்தத்தையும் ஒரே கோட்டில் வெட்டவிடாமல் மேலும் கீழும் பரப்பிவிடுகிறது. இழுப்பைத் தாங்குவதற்குத் தனி ஆள் உண்டு: இடைக்கு நேராக உள்பக்கம் ஒரு இன்ச் அகலத்தில் சுற்றி வருகிற நாடா. இதை வைக்காமல் தைத்துக் கொடுத்தால் கல்யாணத்தன்று நன்றாகத்தான் இருக்கும், நாலாவது தடவை போடும்போது தையல் பல்லிளிக்கும்.

துணி நீளவே கூடாது. ஸ்ட்ரெட்ச் சாட்டின் எடுத்து வந்து கோர்செட் தைத்துக் கொடு என்கிறவர்களிடம் பனியன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். வெளிநாட்டில் இதற்கென்றே மீன்முள் மாதிரி நெருக்கி நெய்த பருத்தித் துணி கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர் அதன் பெயரை உச்சரிக்கிற விதத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார், நேரு வீதியில் கடைக்காரரிடம் நான் அதை வாய்விட்டுக் கேட்டதும் கிடையாது. கெட்டியான ட்ரில் துணியை இரண்டு அடுக்காகப் போட்டு அதன் மேலே பட்டோ சாட்டினோ வைத்தால் நம் ஊருக்குப் போதும். சவானா, ரோடியர், பாரதி என்று மூன்று மில் ஓடிய ஊரில் உட்கார்ந்துகொண்டு கெட்டித் துணிக்கு அலைகிறேன், அதை என்ன சொல்ல.

உங்கள் டெய்லரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பீஸ்? இடையில் நாடா உண்டா? முதலில் காடா துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: இடை சிறுத்துத் தெரிவதற்காக அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் விலா எலும்பையே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாமே?
(வில்லியனூர்)

பதில்: கட்டுக்கதை. மயக்க மருந்தும் கிருமிநாசினியும் சரியாக வராத காலத்தில் அழகுக்காக விலாவை அறுக்க யார் படுப்பார்கள்? கீழே இருக்கிற இரண்டு ஜோடி விலா எலும்புகளும் முன்னால் எதோடும் ஒட்டாமல் தொங்குபவை, அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். சின்ன வயதிலிருந்து பல வருஷம் இறுக்கிக் கட்டியவர்களுக்கு விலாக்கூடே கீழே குறுகிப் போனது உண்மை, எலும்புக்கூடுகளில் அது தெரிகிறது. அந்தக் காலத்துப் பெண்களுக்கு 18 இன்ச் இடை என்கிற கதையிலும் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மியூசியத்தில் இருக்கிற கோர்செட்டை மூடி வைத்து அளக்கிறார்கள், போட்டவளோ முதுகில் இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பாள்.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் தையல் வகுப்புக்குப் போகிறேன். பரீட்சைக்காக ஒரு கோர்செட் டாப் தைத்தேன் அக்கா. பிளாஸ்டிக் போன் வைத்தேன். நிற்கும்போது நன்றாக இருக்கிறது, உட்கார்ந்தால் போன் குத்துகிறது, இடையில் மடங்கிவிட்டது. கயிறு கோத்த ஐலெட் வளையம் இரண்டு பிய்ந்து கையோடு வந்துவிட்டன. எங்கே தப்பு செய்தேன்?
(கடலூர்)

பதில்: தப்பு நாலு இடத்தில், தங்கச்சி. ஆனால் நாலும் எல்லோரும் செய்வதுதான்.

பிளாஸ்டிக் போன் உடம்புச் சூட்டில் இளகி, எப்படி வளைத்தாயோ அப்படியே நின்றுவிடும். கடலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். வெறும் அலங்காரத்துக்கு என்றால் அது போதும், இடையை இறுக்க வேண்டும் என்றால் ஸ்டீல்தான். அதிலும் இரண்டு ரகம். தட்டையான பட்டை முன்னும் பின்னும் மட்டும்தான் வளையும், அதை முன்பக்க நடுவிலும் கயிறு கட்டும் ஓரத்திலும் வை. ஸ்பிரிங் மாதிரி சுருட்டித் தட்டையாக்கின கம்பி பக்கவாட்டிலும் வளையும், வளைந்து போகிற தையல்களுக்கு அதுதான் ஒத்துவரும்.

குத்துவதற்குக் காரணம் நீளம். போன் போகிற குழாயை விட மேலே கால் இன்ச், கீழே கால் இன்ச் குறைவாக வெட்டி, முனையை அரத்தால் ராவி உருட்ட வேண்டும். முன்பக்கம் அடிவயிற்றைத் தாண்டி நீண்டிருந்தாலும் உட்காரும்போது தொடை முட்டி மேலே தள்ளும். அளவெடுக்கும்போது ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மார்புக்குக் கீழிருந்து மடி வரைக்கும் டேப் வைத்துப் பார். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு கல்யாணப் பெண் மேடையில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐலெட்டுக்கு ஓட்டையைக் கத்திரியால் வெட்டியிருப்பாய். குத்தூசியால் குத்தி இழையை விலக்கித்தான் ஓட்டை பண்ண வேண்டும், இழை அறுந்தால் பிடிமானம் போயிற்று. பின்பக்கம் வாஷர் வைத்து அடிக்கிற ஐலெட்டாக வாங்கு. ஐலெட் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டீல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டீல் நிற்க வேண்டும், இல்லையென்றால் கயிறு இழுக்கிற இழுப்பில் அந்த ஓரம் வில்லாக வளைந்து பிய்த்துக்கொண்டுதான் வரும். கயிற்றையும் ஷூ லேஸ் மாதிரி மேலே கொண்டுபோய் முடிச்சுப் போடாதே. மேலிருந்து இடைக்கும், கீழிருந்து இடைக்கும் கோத்து வந்து, இடையில் இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி வளையம் விட்டு, அந்தக் காதைப் பிடித்து இழு. அப்போதுதான் மார்பையும் ஹிப்பையும் இறுக்காமல் இடையை மட்டும் இறுக்கலாம்.

ஸ்டீல் என்று சொல்லிவிட்டேன், கூடவே ஒரு எச்சரிக்கை. கோட்டிங் இல்லாத ஸ்டீலை வாங்கி விடாதே. இது கடற்கரை ஊர். சில வருஷங்களுக்கு முன்னால் சர்ச் கல்யாணம் ஒன்றுக்கு வெள்ளை கவுன் தைத்தேன், ஐப்பசி மழை, பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரும்புக் கடையில் பட்டைத் தகடு வாங்கி நானே வெட்டிச் சொருகிவிட்டேன். கல்யாணத்தன்று ஒன்றும் இல்லை. பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா கவுனை ஒரு துணிப்பையில் எடுத்து வந்து கட்டிங் மேஜைமேல் விரித்தார். முதுகில் ஆறு, முன்னால் நாலு என்று நெடுக்காகப் பழுப்புக் கோடுகள், யாரோ டீயைத் தொட்டு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கோட்டின்மேல் விரலை மட்டும் ஓட்டிக் காட்டினார். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் கோட்டிங் உள்ள தகடாகவே இருந்தாலும், வெட்டின முனையை நெயில் பாலிஷில் இரண்டு முறை முக்கிக் காயவைக்காமல் உள்ளே விட மாட்டேன்.

கேள்வி: குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மாமியார் பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றைக் கட்டச் சொல்கிறார். நான் ஆன்லைனில் ரப்பர் மாதிரி ஒரு இடுப்பு பெல்ட் வாங்கிவிட்டேன், முப்பது நாளில் நாலு இன்ச் குறையும் என்று போட்டிருக்கிறது. இதுவும் கோர்செட்தானே அக்கா? எது நல்லது?
(திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: நான் தையல்காரி, டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிசேரியன் என்றாலோ, இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ, படுத்துத் தலையைத் தூக்கும்போது நடு வயிற்றில் மேடு மாதிரி புடைத்தாலோ, எதையும் கட்டிக்கொள்வதற்கு முன்னால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கும்போது இறுக்கிக் கட்டினால் அழுத்தம் அப்படியே கீழே இறங்கி, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியில் தாங்குகிற தசையைத்தான் தாக்கும்.

இனித் தையல்காரியாகச் சொல்கிறேன். அந்த ரப்பர் பெல்ட் கோர்செட் கிடையாது. எல்லாப் பக்கமும் நீள்கிற பொருள், எல்லா இடத்தையும் ஒரே மாதிரி கவ்வும், வடிவம் என்று அதற்குச் சொந்தமாக எதுவும் இல்லை. வியர்க்க வைக்கும். வியர்வையில் போன எடை ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். நிஜக் கோர்செட்டுமே கொழுப்பைக் கரைக்காது, இருக்கிறதை மேலேயும் கீழேயும் ஒதுக்கி வைக்கும், கழற்றினால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். முப்பது நாள், நாலு இன்ச் எல்லாம் விற்கிறவனின் கணக்கு.

மாமியார் சொல்கிற புடவைத் துணியை நான் குறைத்துப் பேச மாட்டேன். பழைய நூல் புடவை மெத்தென்றிருக்கும், காற்றுப் போகும், தளர்த்த வேண்டுமானால் ஒரு சுற்றைப் பிரித்தால் போதும், இடுப்புக்கும் கொஞ்சம் தாங்கலாக இருக்கும். ஆனால் வயிறு உள்ளே போவது புடவையால்தான் என்று அவர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள், கர்ப்பப்பை ஆறு வாரத்தில் தானாகவே சுருங்கிவிடுகிற ஒன்று. டாக்டர் சரி என்றால் ஆழ்ந்து மூச்சு இழுக்க முடிகிற அளவுக்கு லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள், சாப்பிட்டவுடன் கட்டாதீர்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள். பெல்ட்டைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டியின் அம்மா பிரெஞ்சுக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர். பரணை ஒழிக்கும்போது டிரங்குப் பெட்டியில் பழைய கோர்செட் ஒன்று கிடைத்தது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஏதோ கறுப்புக் குச்சி இருக்கிறது. எந்தக் காலத்தது? வீட்டில் வைத்திருக்கலாமா?
(குருசுக்குப்பம், புதுச்சேரி)

பதில்: போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை! முதலில் கயிறு போகிற ஓட்டையைப் பாருங்கள், உலோக வளையம் இருக்கிறது. 1820-களுக்கு முன்னால் இது கிடையாது, பொத்தான் கண் தைப்பது மாதிரி நூலால் சுற்றித் தைத்திருப்பார்கள். நூல் கண்ணை ரொம்ப இழுத்தால் கிழிந்துவிடும், உலோகக் கண் வந்த பிறகுதான் இப்படி வைத்து இறுக்க முடிந்தது. அப்புறம் முன்பக்கம். ஒரு தகட்டில் குமிழ், இன்னொரு தகட்டில் அதை மாட்டுகிற கண் என்று இரண்டாகத் திறக்கிறது அல்லவா, இந்த அமைப்புக்கு 1829-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன்னால் முன்புறம் ஒரே மரப்பட்டையோ தந்தமோதான் நின்றது, முதுகுக் கயிற்றை முழுக்க அவிழ்த்தால்தான் வெளியே வர முடியும், கட்டவும் அவிழ்க்கவும் இன்னொரு ஆள் வேண்டும்.

இனி வடிவம். 18-ஆம் நூற்றாண்டு என்றால் புனல் மாதிரி, மேலே அகன்று கீழே குறுகி இருக்கும், உடுக்கை வடிவம் வராது. 19-ஆம் நூற்றாண்டில்தான் நடுவில் குறுகி இரண்டு பக்கமும் விரியும். உங்களுடையதில் முன்பக்கம் கதவுச் சட்டம் மாதிரி நேராக இறங்குகிறது, மேலே தாழ்வாக வெட்டியிருக்கிறது, ஹிப்பில் நீளமாகப் போகிறது. இது 1900-ஐ ஒட்டி வந்த மோஸ்தர். வயிற்றை அமுக்கக் கூடாது, முன்பக்கம் நேராக இருந்தால் உடம்புக்கு நல்லது என்று மருத்துவம் படித்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணிதான் இந்த வெட்டைப் பரப்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் மோஸ்தர் பிடித்தவர்கள் அதையும் விடாமல் இறுக்க, நெஞ்சு முன்னால் துருத்தி, பின்பக்கம் பின்னால் போய், பக்கவாட்டில் பார்த்தால் வாத்து மாதிரி ஒரு நிலை வந்துவிட்டது.

கறுப்புக் குச்சி திமிங்கிலத்துடையதாக இருக்கலாம். எலும்பு எலும்பு என்று சொன்னாலும் அது எலும்பு இல்லை, பல் இல்லாத திமிங்கிலங்களின் வாயில் தண்ணீரை வடிகட்டுவதற்குச் சீப்பு மாதிரி தொங்குகிற தகடு, நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே சரக்கு. இழை இழையாகப் பிளக்கும், சூடு காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். எனக்கு ஒரு வாடிக்கையாளர் கொடுத்த பழைய துண்டில் ஒரு நூல் அளவு சீவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். நெளிந்து, பொரிந்து, சலூனில் முடி கருகின மாதிரி ஒரு வாடை வந்தது, கடைப் பையன் வெளியே ஓடிவிட்டான். உங்கள் வீட்டுக் குச்சியிலும் ஓரத்தில் கொஞ்சம் சீவிப் பாருங்கள், ஆனால் கோர்செட்டுக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

இந்த மோஸ்தர் ரொம்ப நாள் நிற்கவில்லை. பாரிஸில் எர்மினி கடோல் என்கிற பெண்மணி 1889-லேயே கோர்செட்டை இரண்டாக வெட்டி, மேல் பாதியைத் தோளில் பட்டை வைத்துத் தொங்கவிட்டு, கீழ்ப் பாதியைத் தனியாக விட்டார். 1914-ல் அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேகப் மேல் பாதிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு எல்லோரும் போடுகிற பிராவின் வம்சம் அதுதான். 1947-ல் கிறிஸ்டியன் டியோர் மறுபடி சின்ன இடைக்கு மவுசு ஏற்படுத்தினார், அப்போதும் கோர்செட் ஒரு சாண் அகலத்துக்குத்தான் திரும்பி வந்தது.

தாராளமாக வீட்டில் வைத்திருங்கள். துவைக்காதீர்கள், மடிக்காதீர்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். நாப்தலீன் உருண்டையை அதன் மேலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் நான் வந்து பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகத்தில் நான் துரைசானி. கோர்செட் வேண்டும், கையில் இருப்பது அறுநூறு ரூபாய். முடியுமா அக்கா?
(காலாப்பட்டு)

பதில்: மேடைக்குத்தானே, முடியும். ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் ட்ரில் துண்டு எடு. எலெக்ட்ரிக் கடையில் இருப்பதிலேயே அகலமான கேபிள் டை வாங்கித் தலையை வெட்டி எறி, அதுதான் உன் போன். ஒரு தையலுக்கு இரண்டு சொருகு.

அதைவிட முக்கியமான ரகசியத்தைக் கூத்துக்காரர்களிடம் கேள். பெண் வேஷம் கட்டுகிற அண்ணன்மார் வயிற்றை இறுக்கிக்கொண்டா ராத்திரி முழுக்கப் பாடி ஆடுகிறார்கள்? பாவாடைக்குள் பழைய புடவையைச் சுற்றி ஹிப்பைப் பெரிதாக்குவார்கள், தோளை அகலமாக்குவார்கள், நடுவில் இருக்கிற இடை தானாகச் சின்னதாகிவிடும். துரைசானிகள் செய்ததும் இதேதான். குடை மாதிரி விரிந்த பாவாடை, பலூன் கை, இரண்டுக்கும் நடுவில் இடை. கோர்செட்டை லேசாகக் கட்டிக்கொண்டு பாவாடையில் வேலையைக் காட்டு, வசனம் பேச மூச்சு மிச்சம் இருக்கும். இறுக்கினால் வயிற்று மூச்சு போய் மேல் நெஞ்சில்தான் மூச்சு ஓடும், நீளமான வசனம் பாதியில் அறுந்துவிடும்.

கேள்வி: நம் பழைய பாட்டுகளில் வருகிற கச்சும் கோர்செட்டும் ஒன்றா?
(கடலூர் முதுநகர்)

பதில்: இல்லை ஐயா. கச்சு மார்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டை, இடையோடு அதற்குப் பேச்சே கிடையாது. இடையைச் சிறிதாக்குகிற வேலையை நம் ஊரில் புலவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கொடி என்றார்கள், துடி என்றார்கள், மின்னல் என்றார்கள், கடைசியில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகப்பட்டார்கள். கூலியும் மிச்சம், மூச்சும் மிச்சம்.

கேள்வி: அக்கா, கடைசியாக ஒன்று. கோர்செட்டோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? என் கல்யாணத்தில் நானே சாப்பிடாமல் போனால் எப்படி?
(நெல்லிக்குப்பம்)

பதில்: இப்படிக் கேட்கிற பெண்ணைத்தான் எனக்குப் பிடிக்கும். இலைக்குக் குனிய முடியாது, முதுகு வளையாது, அதனால் மேஜை நாற்காலிப் பந்தியாக ஏற்பாடு செய்யச் சொல். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தினம் ஒரு மணி நேரம் லேசாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நட, துணியும் உடம்பும் ஒன்றோடொன்று பழகட்டும். அன்றைக்கு ரிசப்ஷனுக்கு முன்னால் நாலு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கட்டு. பந்திக்குப் போகும்போது சித்தியோ தோழியோ ஒருத்தியைப் பின்னால் நிறுத்தி, முயல் காதை இரண்டு இன்ச் தளர்த்தச் சொல், முன்பக்கக் கொக்கியில் கை வைக்க வேண்டாம். துப்பட்டா மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது. பாயசம் வரும்போது இன்னொரு இன்ச்.